காரின் ஸ்பீடு லிமிட்டர்: குமரி மாவட்டத்தில் வண்டி ஓட்டுவோர் கேட்கும் கேள்விகளும் விடைகளும்

புதிய கார் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும், வேன், லாரி வைத்திருக்கும் தெரிந்தவர்களும் என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்டு வரும் கேள்விகள் இவை. நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் இடையே அன்றாடம் வண்டி ஓட்டுபவன் என்ற முறையில் நானே பழகித் தெரிந்துகொண்டதையும், வண்டியின் இயக்கவியலிலும் சட்டத்திலும் உறுதியாக உள்ளதையும் சேர்த்து இங்கே விடையளித்திருக்கிறேன்.

ஸ்பீடு லிமிட்டரும் ஸ்பீடு கவர்னரும் ஒன்றுதானா?

வேலை ஒன்றுதான், வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டி இன்ஜினின் இழுவையால் ஓடாதபடி தடுப்பதே இரண்டின் நோக்கம். ஆனால் நம் ஊரில் லாரி, பேருந்து, பள்ளி வேன் ஓட்டுநர்கள் 'கவர்னர்' என்று சொல்லும்போது, சட்டப்படி ஒரே வேகத்தில் பூட்டி முத்திரையிடப்பட்ட கருவியைக் குறிப்பிடுகிறார்கள். காரின் ஸ்டீயரிங்கில் 'லிம்' என்று எழுதிய பொத்தானால் நாமே 40 என்றோ 60 என்றோ வைத்துக்கொள்ளும் வசதியைத்தான் லிமிட்டர் என்கிறோம். முதலாவதை ஓட்டுநர் மாற்ற முடியாது, இரண்டாவதை அவரே போடலாம், எடுக்கலாம். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. கார் நிறுவனமே தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் உச்ச வேக வரம்பு அது. ஜெர்மன் நிறுவனங்கள் பல தம் பெரிய கார்களை மணிக்கு 250 கிலோமீட்டரில் நிறுத்தி வைப்பதும், வோல்வோ 2020 முதல் தன் புதிய கார்களை 180-இல் நிறுத்தியதும் இந்த வகை.

கவர்னர் என்ற பெயர் மோட்டார் வண்டியை விடப் பழையது. 1788-இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இன்ஜினில் சுழலும் இரண்டு குண்டுகளைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விலகி எழுந்து நீராவி வரும் வழியை ஒடுக்கும், குறைந்தால் தாழ்ந்து வழியைத் திறக்கும். இன்று குண்டுகளுக்குப் பதில் மின்னணுக் கருவி வந்திருக்கிறதே ஒழிய, வேகத்தை அளந்து அதற்கேற்ப ஆற்றல் வரும் வழியை ஒடுக்குவது என்ற கருத்து மாறவில்லை.

கார் தன் வேகத்தை எப்படி அறிந்து, எப்படித் தடுக்கிறது?

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரத்துடன் சுற்றும் பல் வளையத்தையோ காந்த வளையத்தையோ கவனித்து, சக்கரம் நொடிக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். சில வண்டிகளில் கியர் பாக்ஸின் வெளியேறும் தண்டில் உள்ள சென்சார் இதே வேலையைச் செய்யும். அந்தக் கணக்கு இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியான இ.சி.யு.வுக்குப் போகிறது.

இப்போதைய கார்களில் ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் இன்ஜினுக்கும் இடையே கம்பி இணைப்பு கிடையாது என்பதை நினைவில் வைத்தால் மீதி எளிதாக விளங்கும். நாம் பெடலை எவ்வளவு அழுத்தினோம் என்பது ஒரு வேண்டுகோளாகவே இ.சி.யு.வைச் சென்று அடைகிறது. எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பது அது. லிமிட்டரில் 60 வைத்திருந்து, வண்டி 60-ஐ நெருங்கினால், காலை மேலும் அழுத்தினாலும் பெட்ரோல் வண்டியில் இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் அதற்கு மேல் திறக்காது. டீசல் வண்டியில் இன்ஜெக்டர் தெளிக்கும் டீசலின் அளவு கூடாது. நல்ல வண்டிகளில் இந்தத் தடை 57, 58-இலேயே மெல்லத் தொடங்குவதால் உள்ளே இருப்பவர்களுக்குக் குலுக்கல் தெரியாது. பெடல் காலடியில் வெறுமையாகப் போவது போன்ற உணர்வு மட்டும் வரும். முதன்முறை அதை உணர்பவர்கள் வண்டியில் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுகிறார்கள்; கோளாறு ஏதும் இல்லை.

இறக்கத்தில் லிமிட்டர் வண்டியைப் பிடித்து நிறுத்துமா?

பெரும்பாலான கார்களில் நிறுத்தாது. இந்தப் பக்கத்தில் ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லிமிட்டர் இன்ஜினின் தள்ளுதலை மட்டுமே குறைக்கிறது. பிரேக்கை அது தொடுவதில்லை. சமதளத்தில் தள்ளுதல் குறைந்தால் காற்றும் டயரின் உராய்வும் வண்டியைத் தாமாகவே மட்டுப்படுத்திவிடும். இறக்கத்திலோ வண்டியின் எடையே அதைக் கீழே இழுக்கிறது. அந்த இழுப்பு, காலை எடுத்ததும் இன்ஜினே வண்டியை மட்டுப்படுத்தும் இன்ஜின் பிரேக்கிங்கை விடக் கூடுதலாக இருந்தால், லிமிட்டரில் 50 என்று வைத்திருந்தாலும் வண்டி 55, 60 என்று ஏறிக்கொண்டே போகும். பேச்சிப்பாறைக்கு மேலே மலைப் பக்கத்திலிருந்து ஐந்து பேரும் சாமான்களுமாக இறங்கி வந்த ஒரு நாள், 40 என்று வைத்த நம்பிக்கையில் கால் பிரேக் பெடலை விட்டு விலகியிருக்க, வளைவுக்குச் சற்று முன்னால் மீட்டரில் 52 பார்த்து நான் திடுக்கிட்டேன். மணியடித்து எச்சரிக்கும் வண்டிகள் உண்டு. என் வண்டியில் எண் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

ஆகவே இறக்கத்தில் பழைய முறையே சரியான முறை: ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், தேவைப்படும்போது பிரேக்கை அழுத்தி அழுத்தி விடுங்கள், நியூட்ரலில் உருட்டாதீர்கள். செங்குத்தான இறக்கத்தில் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி சில வண்டிகளில் தனியாக உண்டு. அது வேறு கருவி, வேறு பொத்தான். கேரள எல்லை நோக்கிக் கல்லும் மண்ணும் ஏற்றிச் செல்லும் டிப்பர்களில் கவர்னர் இருக்கிறது என்பதற்காக, பாரத்துடன் இறங்கி வரும் டிப்பருக்கு முன்னால் குறுக்கே திரும்புவதும் கூடாது. காரணம் இதுவேதான்.

க்ரூஸ் கன்ட்ரோலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

க்ரூஸ் கன்ட்ரோல் ஒரு வேகத்தைத் தானே காத்துக்கொண்டு ஓடும், காலை எடுத்துவிடலாம். லிமிட்டரில் கால் எப்போதும் பெடலில் இருக்க வேண்டும். எடுத்தால் வண்டி மெதுவாகும். அதாவது ஒன்று குறையாமல் பார்க்கிறது, மற்றொன்று கூடாமல் பார்க்கிறது. காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி வரையிலான நான்குவழிச் சாலையில் க்ரூஸ் பயன்படும். வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம் என்று கடைத்தெருவை ஒட்டியே போகும் சாலையில் க்ரூஸ் போடுவதை நான் ஆபத்தானதாகவே கருதுகிறேன். அங்கே லிமிட்டர்தான் பொருத்தம்.

முந்திச் செல்லும்போது வேகம் தேவைப்பட்டால்?

நாமே வைக்கும் லிமிட்டருக்கு ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். பெடலைத் தரைவரை ஒரே அழுத்தாக அழுத்தினால், அடியில் ஒரு 'கிளிக்' உணர்வைத் தாண்டியதும் வரம்பு தற்காலிகமாக விலகும். வேகம் மீண்டும் வரம்புக்குள் வந்ததும் தானே செயல்படத் தொடங்கும். எல்லா வண்டியிலும் இது ஒரே மாதிரி இல்லை என்பதால், உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து, காலியான சாலையில் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். எதிரே பேருந்து வரும் நேரத்தில் கற்றுக்கொள்ளும் பாடமல்ல இது.

சட்டப்படி பூட்டிய கவர்னரில் இந்தத் திறப்பு கிடையாது. அதனால் ஒரு சிக்கல் வருவது உண்மைதான். 78-இல் போகும் லாரியை 80-இல் பூட்டிய லாரி முந்த முயல்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே வேக வேறுபாடு நொடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல். பின்னாலிருந்து விலகி, கடந்து, பாதுகாப்பான இடைவெளியுடன் முன்னால் சேர 60 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டுமென்றால், 108 நொடிகள் ஆகும், அதற்குள் 2.4 கிலோமீட்டர் சாலை கடந்துவிடும். நான்குவழிச் சாலையில் பின்னால் வரும் கார்க்காரர் ஆரன் அடித்துப் பயனில்லை. லாரிக்காரர் வேண்டுமென்று வழியை மறிக்கவில்லை, அவரிடம் கொடுப்பதற்கு அதற்கு மேல் வேகம் இல்லை. இருவழிச் சாலையில் அப்படி முந்த முயல்வது மட்டும் எந்தக் காரணத்தாலும் ஏற்கத் தக்கதல்ல.

இன்ஜினுக்குக் கெடுதியா? மைலேஜ் கூடுமா?

தொழிற்சாலையில் பொருத்தி வந்த லிமிட்டரால் இன்ஜினுக்குக் கெடுதி இல்லை. குறைவான எரிபொருளுடன் ஓடுவதால் இன்ஜின் தேய்ந்துவிடும் என்பது தவறான எண்ணம். காலை லேசாக வைத்து ஓட்டுவதும் லிமிட்டர் செய்வதும் இன்ஜினுக்கு ஒன்றே. கியரைச் சரியாக வைப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. 40-இல் வரம்பு வைத்துவிட்டு ஐந்தாம் கியரில் ஏற்றம் ஏறினால் இன்ஜின் முக்கும். அந்தக் குற்றம் லிமிட்டருடையதல்ல.

மைலேஜ் கூடும், வேகமான சாலையில் நன்றாகவே கூடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகப் பெருகுவதால், 80-இலிருந்து 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. அதை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. நெரிசலான ஊருக்குள் மைலேஜைத் தின்பது நின்று நின்று கிளம்புவதுதான் என்பதால், அங்கே லிமிட்டரால் பெரிய மிச்சம் வராது.

முப்பந்தல் காற்றில் லிமிட்டர் எப்படி நடந்துகொள்ளும்?

நம் மாவட்டத்துக்கே உரிய நல்ல கேள்வி இது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒடுங்கி வேகமெடுத்து வீசுவதால்தான் முப்பந்தலைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் நெல்லையிலிருந்து நாகர்கோவிலுக்கு வருபவர் அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வருகிறார். லிமிட்டர் சக்கரத்தின் சுழற்சியை, அதாவது தரையைப் பொறுத்த வேகத்தைத்தான் அளக்கிறது. காற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 70 என்று வைத்திருந்து எதிர்க்காற்று 40 கிலோமீட்டரில் வீசினால், வண்டியின் முகப்பு 110-இல் வரும் காற்றை எதிர்கொள்கிறது. வேகம் 70-ஐத் தாண்டாது; ஆனால் இன்ஜின் கூடுதலாக உழைக்கும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பக்கவாட்டுக் காற்றில் உயரமான வேன்களும் வெற்றுக் கன்டெய்னர் லாரிகளும் தள்ளாடும்போது வேகத்தைக் குறைக்கும் முடிவையும் கருவி எடுக்காது, ஓட்டுநர்தான் எடுக்க வேண்டும்.

மீட்டரில் 80, கைப்பேசியில் 76 காட்டுகிறதே?

மீட்டர் உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது வண்டி செய்வோருக்கான விதி. அதனால் அவர்கள் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அமைக்கிறார்கள். டயர் மாற்றும்போது இந்தக் கணக்கு கலையும். அழகுக்காகச் சுற்றளவில் 5 விழுக்காடு பெரிய டயர் போட்டால், லிமிட்டர் 80 என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வண்டி 84-இல் ஓடும். டயர் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

சட்டப்படி எந்த வண்டிகளுக்குக் கட்டாயம்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 118-ஆம் விதி இதைப் பற்றியது. 2015-இல் அதில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து செய்யப்படும் லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வண்டிகளில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கருவி இருக்க வேண்டும். பள்ளிப் பேருந்து, டிப்பர், டேங்கர், ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு அந்த வரம்பு 60. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கும் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், காவல்துறை வண்டி ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. வீட்டு உபயோகத்துக்கான வெள்ளைப் பலகைக் காருக்குக் கட்டாயம் இல்லை.

காருக்குக் கட்டாயமானது எச்சரிக்கை ஒலி மட்டுமே. 2019 ஜூலை முதல் செய்யப்படும் கார்கள் 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் ஒலிக்கின்றன. அது தடுக்காது, சொல்லும், அவ்வளவே. அந்த ஒலியைத் தொல்லை என்று எண்ணி வயரைப் பிடுங்கச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின் இருக்கையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யலாமா என்று அவர்கள் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

பழைய வேனில் வெளியே வாங்கிப் பொருத்திய கவர்னர் அடிக்கடி தொல்லை தருகிறதே?

இந்தக் குறை நியாயமானது. வெளியே பொருத்தும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு வகை. பழைய டீசல் பம்ப் உள்ள வண்டிகளில் டீசல் குழாயின் நடுவே ஒரு மின் வால்வை வைத்து, வேகம் கூடினால் டீசலை மட்டுப்படுத்துவார்கள். இணைப்பு சரியாக இறுகாவிட்டால் குழாய்க்குள் காற்று புகும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும், ஓடும்போது திடீரென்று அணையும். புதிய வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பெடலின் சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவே ஒரு சிறு பெட்டியை வைத்து, பெடல் தரும் தகவலைக் குறைத்து அனுப்பச் செய்வார்கள். இதில் கனெக்டர் தளர்ந்தால் இன்ஜின் விளக்கு எரியும், பிக்அப் விட்டு விட்டு வரும்.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்று இன்னொரு பகை. செம்பு முனைகளில் பச்சை பூத்து இணைப்பு கெடுவது அங்கே சாதாரணம். மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. என் உறவினர் ஒருவருடைய வேன் மூன்று முறை பட்டறை ஏறி, டீசல் பம்ப் வரை கழற்றிப் பார்த்த பிறகு, குற்றம் ஒரு கனெக்டருக்குள் தேங்கிய ஈரத்தில் இருந்தது. எனவே இழுவை குறைந்தால் முதலில் கவர்னரின் இணைப்புகளைச் சுத்தம் செய்து, நீர் புகாத உறை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முத்திரையை உடைக்க வேண்டிய வேலையாக இருந்தால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே செய்து சான்று வாங்குங்கள், இல்லையேல் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது சிக்கல் வரும்.

கழற்றிவிட்டால் என்ன ஆகும்?

எஃப்.சி. அன்று மட்டும் கவர்னரை இணைத்துவிட்டு மறுநாள் துண்டிப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் இது அனுமதியற்ற மாற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். வேகத்துக்கான அபராதம் இதற்குப் புறம்பானது: இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 வரை, நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதைக் காரணம் காட்டி வழக்காடவும் இடமுண்டு.

காரில் தொழிற்சாலை வைத்த உச்ச வரம்பை மென்பொருள் மாற்றி எடுத்துத் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பல கார்களில் அந்த வரம்பு டயரையும் கருதி முடிவு செய்யப்பட்டது. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்: எஸ் என்றால் 180, டி என்றால் 190, ஹெச் என்றால் 210 கிலோமீட்டர் வரை தாங்கும். அதை மீறினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். குமரி மாவட்டத்தில் அந்த வேகத்துக்குச் சாலையே இல்லை என்பது வேறு.

வண்டி திடீரென்று 40-க்கு மேல் போகவில்லை, லிமிட்டர் விழுந்துவிட்டதா?

முதலில் லிம் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கை தவறுதலாகப் பட்டிருந்தால் பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது. இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டு இழுவை குறைந்திருந்தால், அது லிமிட்டர் அல்ல. ஏதோ பழுதைக் கண்டு இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளக் குறைந்த ஆற்றலில் ஓடுகிறது. மெதுவாக ஓரங்கட்டிப் பட்டறைக்குப் போங்கள்.

நம் ஊர்ச் சாலைகளில் 80 போகவே முடியாதே, பின் இதனால் என்ன பயன்?

80-இல் பூட்டிய கருவியால் நம் உட்சாலைகளில் பயன் மிகக் குறைவு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். குலசேகரம், அருமனை, கருங்கல் பக்கங்களில் ரப்பர் தோட்டத்துக்கும் வீட்டு மதிலுக்கும் நடுவே வளைந்து போகும் சாலையில் 60-கூட மிகையான வேகம். அங்கே ஆளைக் கொல்லும் வேகங்களைக் கவர்னர் தொடுவதே இல்லை. ஆகவேதான் நாமே வைத்துக்கொள்ளும் லிமிட்டரை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மதில் சந்திலிருந்து ஒரு குழந்தை சாலைக்கு ஓடி வருகிறது. கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகிறது. சாலை உலர்ந்திருக்கிறது, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. 50-இல் வந்த கார் ஏறத்தாழ 35 மீட்டரில் நின்றுவிடும். 70-இல் வந்த கார் நிற்க 56 மீட்டர் வேண்டும். வேறுபாடு 21 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 50-இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், 70-இல் வந்த கார் இன்னும் ஏறத்தாழ 62 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒன்றரை நொடியில் அது 29 மீட்டரைத் தாண்டிவிட்டதால், பிரேக் பிடிக்கக் கிடைத்தது கடைசி ஐந்தாறு மீட்டர்தான். இந்த எண்ணை முதன்முதலில் நானே போட்டுப் பார்த்த நாளிலிருந்து, ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் 40 என்று லிமிட்டர் வைப்பது எனக்குச் சீட் பெல்ட் போடுவது போன்ற பழக்கமாகிவிட்டது.

நேரத்தில் இழப்பதும் சொற்பம். முப்பது கிலோமீட்டர் தொலைவைச் சராசரி 50-இல் கடந்தால் 36 நிமிடம், 60-இல் கடந்தால் 30 நிமிடம். அந்த ஆறு நிமிடமும் தக்கலைச் சந்திப்பிலேயே கரைந்துவிடும்.

மழையில் எவ்வளவு வைக்கலாம்?

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆண்டில் பல மாதம் சாலை நனைந்தே கிடக்கும். நனைந்த சாலையில் டயரின் பிடிப்பு பாதியளவுக்கும் குறையக்கூடும், பிரேக் தூரம் அதற்கேற்ப நீளும். லிமிட்டருக்கு மழை தெரியாது. நேற்று வெயிலில் வைத்த எண்ணையே இன்றும் காத்து நிற்கும். வழக்கமாக வைப்பதிலிருந்து 15, 20 குறைத்து வையுங்கள். தண்ணீர் தேங்கிய பகுதி வருமுன்பே பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

சாலைப் பலகையைத் தானே படித்து வேகத்தைக் குறைக்கும் கார்கள் வந்துவிட்டனவாமே?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிதாக ஒப்புதல் பெறும் மாடல்களிலும், 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் அத்தகைய உதவிக் கருவி கட்டாயம். கேமராவால் பலகையைப் பார்த்தும், செயற்கைக்கோள் வழிகாட்டும் வரைபடத்தைக் கொண்டும் வரம்பை அறிந்து, வரம்பை மீறினால் எச்சரிக்கும், அல்லது பெடலை மெல்ல எதிர்த்துத் தள்ளும்; ஓட்டுநர் விரும்பினால் அதை மீறி அழுத்தலாம். இங்கே தேர்தல் சுவரொட்டியும் மரக்கிளையும் மறைத்த பலகைகளை வைத்துக்கொண்டு அது சரியாக வேலை செய்யாது. முதலில் பலகைகளைத் துலக்க வேண்டும்.

என் காரின் லிமிட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

அதிகாலையில், மழை இல்லாத நாளில், நேரான காலிச் சாலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, கைப்பேசியில் வேகம் காட்டும் செயலியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் அதைப் பார்க்கக் கூடாது. பல கார்களில் 30-க்குக் கீழே லிமிட்டர் வைக்க முடியாது என்பதால், 40 என்று வைத்து, மூன்றாம் கியரில் பெடலைப் பாதியளவு அழுத்துங்கள். மீட்டர் 40-ஐத் தொட்டு ஒன்றிரண்டு எண் அசைந்து நிலைகொள்ள வேண்டும். பிறகு பெடலைத் தரைவரை அழுத்தி, வரம்பு விலகுகிறதா என்று பாருங்கள்; காலை எடுத்ததும் வேகம் இறங்கி, மறுபடி 40-இல் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். லிமிட்டர் அறவே ஏற்க மறுத்து, கூடவே ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்தால், சக்கர சென்சாரில் சேறோ அறுந்த வயரோ இருக்கலாம். அந்த நிலையில் லிமிட்டர் மட்டுமல்ல, ஏ.பி.எஸ். பாதுகாப்பும் வேலை செய்யாது என்பதால், அன்றைக்கே பட்டறையில் காட்டுங்கள்.